இடறலாக இருப்பது எது?



வீட்டில் எலிப்பொறி வைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் நம்மில் மிகச் சிலரே. மரப்பெட்டிப் பொறியானாலும் கம்பிக்கூண்டுப் பொறியானாலும் உள்ளே ஒரு சிறிய கொக்கி இருக்கும். அதில் சுட்ட கருவாட்டுத் துண்டையோ, தேங்காய்ச் சில்லையோ, பாதி வடையையோ மாட்டி வைப்போம். எலி வந்து இழுத்ததும் கொக்கி நழுவும், கதவு விழும். எலியைச் சிறைப்பிடிப்பது கதவுதான். ஆனால் அதை உள்ளே வரவழைத்து விழவைப்பது அந்தக் கொக்கி. இன்றைய நம் சிந்தனை அந்தக் கொக்கியைப் பற்றியது.

'ஸ்கேண்டல்' என்ற ஆங்கிலச் சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். செய்தித்தாளில் வருகிறது, தொலைக்காட்சி விவாதங்களில் வருகிறது. பணம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் நம் பத்திரிகைகள் அதை 'ஊழல்' என்று எழுதுகின்றன. ஒழுக்கம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் 'விவகாரம்' என்று எழுதுகின்றன. வீட்டிலும் ஊரிலும் நாம் அதையே வேறு வார்த்தைகளில் சொல்கிறோம். "வெளியே தெரிஞ்சா அசிங்கம்", "நாலு பேரு என்ன சொல்லுவாங்க", "குடும்பப் பேரு கெட்டுடும்". இன்றைய பேச்சு வழக்கில் ஸ்கேண்டல் என்பது பெயர் கெடுவது. தவறு நடப்பதைவிட, நடந்த தவறு வெளியே தெரிவதுதான் ஸ்கேண்டல் என்று ஆகிவிட்டது.

ஆனால் இந்தச் சொல் பிறந்தபோது இப்படி ஒரு பொருள் அதற்கு இல்லை. இதன் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. 'ஸ்காண்டலேத்ரோன்' என்பது பழைய கிரேக்கச் சொல். பொறிக்குள் இரையை மாட்டி வைக்கும் குச்சிக்கு அதுதான் பெயர். மிருகம் அதைத் தொட்டதும் குச்சி நழுவிப் பொறி மூடிக்கொள்ளும். நம் எலிப்பொறியின் கொக்கியேதான். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸ், பேச்சில் எதிராளியைச் சிக்கவைக்கும் சாமர்த்தியசாலிகளைக் கேலி செய்யும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்.

எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள், இதன் குறுகிய வடிவமான 'ஸ்காண்டலோன்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று நாம் அழைக்கும் அந்த நூலில், 'கண்ணி' என்று பொருள்படும் எபிரேயச் சொல்லுக்கும், 'தடுக்கி விழவைக்கும் கல்' என்று பொருள்படும் எபிரேயச் சொல்லுக்கும் இந்த ஒரே சொல் வருகிறது. லேவியர் நூல் 19ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. பார்வையற்றவர் நடக்கும் வழியில் தடைக்கல்லை வைக்கக் கூடாது என்கிறார் கடவுள். அங்கே கிரேக்கத்தில் இருப்பது 'ஸ்காண்டலோன்'.

அந்தக் காட்சியைச் சற்று மனக்கண்ணில் பாருங்கள். கல்லை வைத்தவருக்குக் கண் தெரியும். விழப்போகிறவருக்குத் தெரியாது. விழுந்தவர் யார் வைத்த கல் என்றுகூட அறியமாட்டார். ஸ்கேண்டல் என்பதன் முதல் பொருள் இதுதான். கல் வைத்தவரின் மானம் போவதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. நம்பி நடந்தவர் விழுகிறாரே, அதைப் பற்றித்தான் பேச்சு.

கிரேக்கத்திலிருந்து இந்தச் சொல் கிறிஸ்தவ இலத்தீனுக்கு 'ஸ்காண்டலும்' என்று அப்படியே போனது. இலத்தீனிலிருந்து பிரெஞ்சுக்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் வந்தது. வந்த வழியில் அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு பிள்ளை 'ஸ்கேண்டல்'. இன்னொரு பிள்ளை 'ஸ்லாண்டர்', அதாவது அவதூறு. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். காலப்போக்கில் ஆங்கிலத்தில் ஸ்கேண்டல் என்றாலே வம்புப் பேச்சு என்ற பொருளும் ஏறிவிட்டது. 1777இல் லண்டனில் அரங்கேறிய ஷெரிடனின் புகழ்பெற்ற நாடகம் ஒன்றின் பெயரே 'ஸ்கேண்டல் பள்ளிக்கூடம்' என்று பொருள்படும். பிறரைப் பற்றி வம்பு பேசியே பொழுதுபோக்கும் கனவான்களையும் சீமாட்டிகளையும் பற்றிய நாடகம் அது. இப்படி, விழுந்தவரைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரு சொல், பேசுகிறவர்களின் வாயைப் பற்றியதாக மாறிப்போனது.

நம் தமிழில் மூத்தவர்கள் சிலர் இதைத் 'துன்மாதிரிகை' என்று சொல்வார்கள். கெட்ட முன்மாதிரி என்று பொருள். 'இடறல்' என்றும் நாம் சொல்கிறோம். இடறல் என்ற நம் சொல், கிரேக்கச் சொல்லின் உயிரை நன்றாகவே பிடித்திருக்கிறது. கால் இடறும் இடத்தில் ஏதோ ஒன்று கிடக்கிறது. அதை அங்கே போட்டது யார் என்ற கேள்வி தானாக எழுகிறது.

அன்புமிக்கவர்களே, இந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டவர் இயேசு கப்பர்நாகூமில் இருக்கிறார். விண்ணரசில் யார் பெரியவர் என்று சீடர்கள் கேட்கிறார்கள். அவர் ஒரு சிறு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துகிறார். பிறகு, தம்மை நம்பும் இத்தகைய சிறியோரில் ஒருவரை இடறச் செய்பவரைப் பற்றிப் பேசுகிறார். அப்படிப்பட்டவர் கழுத்தில் எந்திரக்கல் கட்டப்பட்டு ஆழ்கடலில் அமிழ்த்தப்படுவதே மேல் என்கிறார். வீட்டில் பெண்கள் கையால் சுற்றும் திரிகையை அவர் சொல்லவில்லை. கழுதை பூட்டி இழுக்கும் பெரிய கல்லைச் சொல்கிறார். கிரேக்க மூலத்தில் 'கழுதை' என்ற அடைமொழியே இருக்கிறது. கப்பர்நாகூமின் இடிபாடுகளில் கருங்கல்லால் ஆன அரைகற்களை இன்றும் காணலாம். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கல்லின் எடை நன்றாகத் தெரியும். இரக்கமே உருவான இயேசு இவ்வளவு கடுமையாகப் பேசிய இடங்கள் மிகக் குறைவு.

பேதுருவிடமும் அவர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். சிலுவைப் பாதை வேண்டாம் என்று பேதுரு தடுத்தபோது, நீ எனக்கு இடறலாக இருக்கிறாய் என்றார். பேதுரு கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. அன்பினால் பேசினார். சற்று முன்புதான் பாறை என்று பெயர் பெற்றவர், வழியில் கிடக்கும் கல்லாகவும் ஆக முடிந்தது. தூய பவுல், சிலைகளுக்குப் படைத்த இறைச்சியைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது, தான் உண்பது ஒரு சகோதரரை விழச்செய்யுமானால் இறைச்சியையே தொடமாட்டேன் என்கிறார். உண்பது தவறில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வலுவற்ற சகோதரரின் கால் அவருக்குப் பெரிதாகப் பட்டது.

அப்படியானால் யார் மனம் வருந்தினாலும் அது நம் குற்றமா? இல்லை. இதைத் திருச்சபை தெளிவாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. நாசரேத்து ஊரார் இயேசுவைக் கண்டே இடறினார்கள். சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவே யூதருக்கு இடறலாக இருக்கிறார் என்று பவுல் எழுதுகிறார். 13ஆம் நூற்றாண்டில் தூய தாமஸ் அக்குவினாஸ் இதை ஆராய்ந்து, சிறியோரின் இடறல் வேறு, பரிசேயரின் இடறல் வேறு என்றார். அறியாமையாலும் வலுவின்மையாலும் இடறுகிறவருக்காக நாம் நம் உரிமையைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டும். பொல்லாத மனத்தோடு நல்லதைக் கண்டு முகம் சுளிப்பவருக்காக நல்லதை நிறுத்த வேண்டியதில்லை. அதே இடத்தில் பெரிய கிரகோரியாரின் கருத்து ஒன்றையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். உண்மையைச் சொல்வதால் மக்கள் இடறினாலும் பரவாயில்லை, உண்மையைக் கைவிடக் கூடாது என்பது அதன் சாரம்.

இவ்வளவு தெளிவாகக் கற்பித்த திருச்சபையில்தான், இந்தச் சொல் தலைகீழாகவும் திரும்பியது. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறோம். அயர்லாந்து நாட்டில் டப்ளின் உயர்மறைமாவட்டத்தைப் பற்றி அரசு அமைத்த விசாரணை ஆணையம் 2009இல் தன் அறிக்கையை வெளியிட்டது. குருக்களால் சிறுவர் சிறுமியர் பாலியல் கொடுமைக்கு ஆளானபோது அங்கிருந்த அதிகாரிகள் எதை முதன்மையாக நினைத்தார்கள் என்று ஆணையம் பட்டியலிட்டது. இரகசியம் காப்பது, ஸ்கேண்டலைத் தவிர்ப்பது, திருச்சபையின் பெயரைக் காப்பது, அதன் சொத்தைக் காப்பது. பிள்ளைகளின் நலன் அந்தப் பட்டியலில் இல்லை.

எண்ணிப் பாருங்கள். ஒரு சிறு பிள்ளையை நடுவில் நிறுத்தி ஆண்டவர் சொன்ன சொல் அது. அந்தப் பிள்ளையைக் காப்பதற்காகச் சொன்ன சொல். அதே சொல்லைக் காரணம் காட்டி, பிள்ளையின் அழுகையை மூடி மறைத்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதத்தில் வெளியிட்ட சட்டம், இத்தகைய குற்றத்தை அறியவரும் குருக்களும் துறவியரும் அதைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று கட்டளையிட்டது. நம் நாட்டிலும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் எவரானாலும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

அயர்லாந்தைப் பற்றிப் பேசிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ஆகவே நம் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பணியாற்றிய ஒரு பங்கில், திருவிழாக் கணக்கு இடித்தது. வசூலான பணத்தில் ஒரு பகுதிக்குச் செலவும் இல்லை, ரசீதும் இல்லை. இதை முதலில் கவனித்தவர் மறைக்கல்வி வகுப்பு எடுத்துவந்த ஓர் இளைஞர். கல்லூரியில் வணிகவியல் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் திருப்பலி முடிந்ததும் வந்து, "ஃபாதர், இந்தக் கணக்கு சரியா வரலையே" என்று தாழ்மையாகத்தான் கேட்டார்.

பங்குப்பேரவையில் சிலரோடு அமர்ந்து பேசினோம். "ஸ்கேண்டல் ஆயிடும், வேண்டாம்" என்று முதலில் சொன்னவர் பங்குத்தந்தைதான். அந்த இடத்தில் 'நாம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள விருப்பமில்லை. கணக்கு வைத்திருந்த பெரியவரைத் தனியே அழைத்துப் பேசினோம். அவர் பொறுப்பிலிருந்து விலகினார், பாதித் தொகை திரும்பி வந்தது. மக்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. இளைஞரிடம், "தம்பி, இதைப் பெரிசு பண்ணாதே, கோயில் பேரு கெட்டுடும்" என்றோம்.

அவர் பெரிசு பண்ணவில்லை. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? பெரியவர் ஏன் விலகினார் என்று பேச்சு எழுந்தது. பேச்சு சுற்றிச் சுற்றி, அந்தப் பையன்தான் ஒரு நல்ல மனிதர்மேல் இல்லாததைச் சொல்லிப் பழி சுமத்தினான் என்று முடிந்தது. எங்களுக்கு உண்மை தெரியும். வாய் திறக்கவில்லை. ஸ்கேண்டலைத் தவிர்க்கிறோம் என்று எண்ணி, அதன் உடன்பிறப்பான அவதூறை ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றி வைத்தோம். அவர் மறைக்கல்விக்கு வருவதை நிறுத்தினார். பிறகு திருப்பலிக்கும் வரவில்லை. அவருடைய தாய் மட்டும் வந்து கடைசி வரிசையில் உட்காருவார். ஒரே ஒருமுறை எங்களிடம் வந்து, "எம் மவன் பொய் சொன்னானா ஃபாதர்?" என்று கேட்டார். இல்லையம்மா என்றோம். அலுவலக அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு சொன்னோம். பலிபீடத்திலிருந்து சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

பிற்பாடு அவர் வேலை பார்க்கும் ஊருக்குத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டோம். மரியாதையாக உட்காரவைத்துக் காபி கொடுத்தார். "பணம் போனது எனக்குப் பெரிசில்ல ஃபாதர். உண்மை தெரிஞ்சும் நீங்க சும்மா இருந்தீங்களே, அதைத்தான் தாங்க முடியல" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் ஸ்காண்டலோன் என்ற சொல்லின் பொருள் முழுவதும் இருந்தது. பணம் எடுத்தவரின் செயல் அவரை விழவைக்கவில்லை. அவர் நம்பியிருந்த குருவின் மௌனம்தான் அவர் கால் இடறிய கல். குருமடத்தில் படித்த இறையியல் கற்றுத்தராததை அன்று அந்தக் காபிக் குவளைக்கு முன்னால் கற்றுக்கொண்டோம்.

சென்ற ஆண்டு, அந்தப் பங்கின் இன்றைய பங்குத்தந்தையின் அனுமதியோடு அங்கே சென்று, ஞாயிறு திருப்பலியின் இறுதியில் மக்கள் முன் நின்றோம். அந்தப் பெரியவர் இப்போது உயிரோடு இல்லை. அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது தேவையும் இல்லை. அந்த இளைஞர் கேட்டது நியாயமான கேள்வி, அவர் சொன்னது உண்மை, அதை மறைத்தது எங்கள் குற்றம் என்று மட்டும் சொன்னோம். தாய் வழக்கம்போல் கடைசி வரிசையில் இருந்தார். மகன் இன்னும் கோயிலுக்குத் திரும்பவில்லை. திரும்புவார் என்று வாக்குறுதி தர எங்களால் முடியாது. வழியில் நாங்கள் போட்ட கல்லை எடுத்தோம். நடப்பது அவர் விருப்பம், நடத்துவது இறைவனின் அருள்.

அன்புமிக்கவர்களே, நடந்த தவற்றையெல்லாம் தெருவில் கூவ வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பிறர் குற்றத்தை ஊரெல்லாம் பரப்புவதும் பாவமே. வாட்ஸ்அப்பில் வந்ததை விசாரிக்காமல் அனுப்புவதும் அதில் சேரும். இதே 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு முறையையும் தந்திருக்கிறார். தவறு செய்த சகோதரரிடம் முதலில் தனியாகப் பேசு. கேட்காவிட்டால் ஓரிருவரோடு போ. அதற்கும் கேட்காவிட்டால் திருச்சபையிடம் சொல். மூன்றாம் படியை அவர் சும்மா வைக்கவில்லை. பொதுப்பணமும் பொது நம்பிக்கையும் போன இடத்தில் அந்தப் படி வரை ஏறித்தான் ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு எதிரான குற்றமானால் நாட்டுச் சட்டத்தின் வாசலுக்கே உடனே போக வேண்டும்.

இனி, நம் வீட்டு வாசலையும் பார்ப்போம். கடன்காரர் கதவைத் தட்டும்போது, "அப்பா இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையை அனுப்புகிறோம். அடுத்த வருடம் அதே பிள்ளை நம்மிடம் பொய் சொன்னால் அடிக்கிறோம். கொக்கியில் இரையை மாட்டியது யார்? உறவினர் ஒருவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மகள் முகம் சுருங்கி உள்ளே ஓடுகிறாள். ஏன் என்று கேட்கப் பயப்படுகிறோம், குடும்ப மானம் போய்விடுமாம். அப்போது நாம் யாரை நடுவில் நிறுத்தியிருக்கிறோம்? ஆண்டவர் பிள்ளையை நிறுத்தினார். நாம் மானத்தை நிறுத்துகிறோம்.

ஆகவே இந்த வாரம் ஒரு சிறு பழக்கத்தைத் தொடங்குவோம். "வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று மனம் கேட்கும்போதெல்லாம், உடனே இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்: "இதை மறைத்தால் விழப்போகிறவர் யார்?" விழப்போவது நம் மதிப்பு மட்டும் என்றால், அது விழட்டும். நம்பி நடக்கும் ஒரு சிறியவர் என்றால், நாம் வாய் திறப்போம். அன்பியக் கூட்டத்தில், பங்குப்பேரவையில், சமையலறையில், எங்கேயானாலும் இந்தக் கேள்வி பொருந்தும். பங்குகளில் திருவிழாக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதுகூட ஒரு கல்லை முன்கூட்டியே அகற்றும் செயல்தான்.

செபிப்போம். சிறு பிள்ளையை நடுவில் நிறுத்திய ஆண்டவரே, எங்கள் பெயரைக் காக்கும் அக்கறையில் உம் சிறியோரை நாங்கள் மறந்த நேரங்களை மன்னியும். எங்களால் இடறி உம்மைவிட்டு விலகிப்போனவர்களை நீரே தேடிச் செல்லும். அவர்கள் வழியில் நாங்கள் போட்ட கற்களைக் குனிந்து எடுக்கும் தாழ்மையை எங்களுக்குத் தாரும். கேள்வி கேட்கும் இளையோரின் குரலில் உம் குரலைக் கேட்கச் செய்யும். என்றென்றும் வாழ்ந்து ஆட்சி செய்கிறவர் நீரே. ஆமென்.